பார்கோடும் கடை விலையும் (திருநெல்வேலி வட்டாரம்)

பொருளின் உறையில் கறுப்பும் வெள்ளையுமாக அச்சிட்ட பட்டைகளை ஒளியால் படித்து, அவற்றுக்குரிய எண்ணைக் கணினிக்கு அனுப்பும் கருவி பார்கோடு ஸ்கேனர். திருநெல்வேலி டவுன், சந்திப்பு, வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை ஆகிய கடைத்தெருக்களிலும், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களிலும் தராசுக்கு அடுத்தபடியாகக் கல்லாவில் இடம்பிடித்திருக்கும் கருவி இதுவே. அமெரிக்காவில் பார்கோடு வந்தபோது உறைமேல் இருந்த விலை மறையத் தொடங்கியது. இந்தியாவில் உறைமேல் விலை அச்சிட வேண்டும் என்ற சட்டம் முதலில் வந்தது, பார்கோடு அதற்குப் பின்னால் வந்தது. இந்த வட்டாரத்தின் கல்லாக்களில் நடந்த மாற்றங்கள் பெரும்பாலும் இந்த முன்பின் வரிசையால் அமைந்தவை.

பழைய அளவையும் விலையும்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பண்டங்களின் அளவும் மதிப்பும் எழுத்தில் பதிவான பழைய சான்றுகளுள் ஒன்று, அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் கிடைத்த வட்டெழுத்துக் கல்வெட்டு. பாண்டியன் வரகுண மகாராசன் தன் 16ஆம் ஆட்சியாண்டில் இளங்கோய்க்குடிச் சபையாரிடம் 290 காசு ஒப்படைத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வட்டி என்ற கணக்கில் சபையார் 580 கலம் நெல் அளக்க வேண்டும், அதைக்கொண்டு நாள்தோறும் கோயில் வழிபாடு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறி, வெற்றிலை, பாக்கு என ஒவ்வொன்றுக்கும் அளவு குறித்த நேர்த்தியான பட்டியல் அதில் உண்டு. இம்மன்னன் முதல் வரகுணனா, இரண்டாம் வரகுணனா என்பதில் ஆய்வாளர் கருத்து ஒன்றுபடவில்லை. எட்டாம் நூற்றாண்டின் இறுதிக்கும் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இடையில் இதன் காலத்தை வைக்கலாம்.

அதன்பின் பல நூற்றாண்டுகளுக்குப் பண்டங்களின் விலை கோயில் கணக்குகளிலும் வரிக் கணக்குகளிலும் அங்கங்கே தலைகாட்டுவதோடு சரி.

ஆழாக்கு, உழக்கு, நாழி, மரக்கால் என்ற முகத்தலளவைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நெல்லைக் கடைகளில் புழங்கின. 21 மரக்கால் கொண்ட கோட்டை இவ்வட்டாரத்துக்கே உரிய நெல்லளவை. வயலின் பரப்பையும் கோட்டை விதைப்பாடு என்றே சொல்வது வழக்கம். 1956ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டம் கிலோவையும் லிட்டரையும் கொண்டுவந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. பின்னாளில் எடையையும் விலையையும் உறைமேல் ஒரே மாதிரி அச்சிட முடிந்ததற்கு இவ்விரண்டும் அடித்தளம்.

அண்ணாச்சி கடை

தமிழ்நாட்டின் பல நகரங்களில் தெருமுனை மளிகைக் கடைக்கு அண்ணாச்சி கடை என்றே பெயர். அவற்றை நடத்தியோரில் பெரும்பாலோர் இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள். அவர்களுள் பலர் சார்ந்த நாடார் சமூகத்தின் வணிகர்கள் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பள்ளிகளும் பேட்டைகளும் கட்டியதை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கியதே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

இக்கடைகளில் விலைப்பட்டியல் அண்ணாச்சியின் நினைவில் இருந்தது. வீட்டிலிருந்து வரும் சீட்டைப் பார்த்து, கடைப்பையன் பருப்பையும் வற்றலையும் காகிதத்தில் பொட்டலம் கட்டி நூல் சுற்றுவான். அண்ணாச்சி அதே சீட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் தொகை போட்டு, வாய்விட்டுக் கூட்டிச் சொல்வார். பணம் தருகிறவருக்கு அந்தச் சீட்டே பில். மாதச் சம்பளக்காரருக்குப் பற்று நோட்டு. கூட்டல் பிழை நேர்ந்தால் அங்கேயே, அந்தச் சீட்டிலேயே திருத்தலாம். எந்தப் பொருள் என்ன விலைக்குப் போனது என்பதைக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒன்றாகப் பார்த்தார்கள், ஒன்றாகக் கேட்டார்கள்.

1962க்குப் பின் மத்திய அரசின் உதவியோடு நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் பரவின. கோவையில் சிந்தாமணி, சென்னையில் காமதேனு என்ற பெயர்களில் இயங்கிய கூட்டுறவு அங்காடிகள் விலை எழுதிய அட்டையையும் பில்லையும் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குப் பழக்கின. இந்தியாவின் முதல் சூப்பர் மார்க்கெட் எது என்பதற்கு ஒரே விடை இல்லை. 1905இல் தோன்றிய நீல்கிரிஸ் நிறுவனத்தின் பெங்களூர்க் கடையைச் சிலர் சொல்வர், 1966இல் தில்லியில் திறந்த சூப்பர் பஜாரைச் சிலர் சொல்வர்.

பார்கோட்டின் தோற்றம்

1948இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மளிகைக் கடைத் தொடர் ஒன்றின் தலைவர் டிரெக்செல் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்து, கல்லாவில் பொருளின் விவரத்தைத் தானாகவே படிக்கும் வழி வேண்டும் என்று கேட்டார். அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவர் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்ட் இதே சிந்தனையோடு மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்தார். சாரணர் படையில் கற்ற மோர்ஸ் குறியீடு அவர் நினைவுக்கு வந்தது. மணலில் விரலால் புள்ளியும் கோடும் இட்டு, அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தார். மெல்லியதும் தடித்ததுமாகக் கோடுகள் கிடைத்தன. இருவரும் 1949 அக்டோபர் 20 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1952 அக்டோபர் 7 அன்று அதைப் பெற்றனர். அவர்கள் பரிந்துரைத்த வடிவங்களுள் வட்டத்துக்குள் வட்டமாக அமைந்ததே அன்று பெயர் பெற்றது. படிப்பதற்கு மலிவான லேசரும் கணினியும் அப்போது இல்லாததால் கருத்து இருபது ஆண்டு காத்திருந்தது.

1972இல் சின்சினாட்டி நகரின் குரோகர் கடை ஒன்றில் வட்டக் குறி சோதிக்கப்பட்டது. அச்சு எந்திரத்தில் மை சற்றே இழுவிப் போனாலும் வட்டக் குறி கெட்டுவிடும். ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த நேர்பட்டைக் குறியில் மை பட்டையின் நீளவாக்கில் இழுவினாலும் எண் மாறாது. 1973 ஏப்ரல் 3 அன்று அமெரிக்க மளிகைத் துறையினர் நேர்பட்டையையே பொதுக் குறியாகத் தேர்ந்தெடுத்தனர்.

1974 ஜூன் 26 காலை, ஒகையோ மாநிலம் டிராய் நகரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஷாரன் புக்கானன் என்ற கல்லாப் பணியாளர் ரிக்லி சூயிங்கம் பொட்டலம் ஒன்றை ஸ்கேனர்மேல் நகர்த்தினார். விலை 67 சென்ட். பொதுக் குறியைத் தாங்கிய பொருள் கடையில் விலையானதற்கு இதையே தொடக்கமாகக் கொள்வது மரபு. சிறிய பொட்டலத்திலும் பட்டைகளை அச்சிட முடியும் என்று காட்டவே அதை எடுத்தார்கள் என்று ஒரு சாராரும், கூடையில் கைக்குப் பட்டதை எடுத்தார்கள் என்று மறு சாராரும் சொல்வதுண்டு.

கணினியே விலையை அறியும் என்றான பிறகு ஒவ்வொரு பொருள்மேலும் விலை ஒட்டும் வேலை எதற்கு என்று அமெரிக்கக் கடைக்காரர்கள் கேட்டனர். தொழிற்சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் எதிர்த்தன. மிச்சிகன் மாநிலம் 1976இல் பொருள்தோறும் விலை ஒட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றி, 2011இல்தான் அதைக் கைவிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1996இலும் 1998இலும் கடைகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. இரண்டாவது அறிக்கையின்படி ஏறத்தாழ 30 பொருள்களில் ஒன்றுக்கு ரேக்கில் இருந்த விலையும் கல்லாவில் விழுந்த விலையும் ஒத்துப்போகவில்லை.

எண்ணின் அமைப்பு

1977இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 13 இலக்க எண்ணை ஏற்படுத்தின. இந்தியாவில் உறைகளில் காணப்படுவது பெரும்பாலும் அதுவே. அதில் 30 கறுப்புப் பட்டைகள் உண்டு. இரு ஓரங்களிலும் நடுவிலும் உள்ள இணைப் பட்டைகள் எல்லையைக் காட்டுபவை. ஸ்கேனரின் செவ்வொளியைக் கறுப்பு விழுங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். சிவப்புப் பட்டையும் அந்த ஒளியில் வெள்ளையாகவே தெரியும் என்பதால், உறை எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும் பட்டைகளுக்குக் கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களையே அச்சகத்தார் கொள்வர்.

கடைசி இலக்கம் காவல் இலக்கம். 890123456789 என்ற பன்னிரண்டு இலக்கங்களை எடுத்துக்கொண்டால், ஒற்றைப்படை இடங்களில் உள்ள 8, 0, 2, 4, 6, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 28. இரட்டைப்படை இடங்களில் உள்ள 9, 1, 3, 5, 7, 9 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 34. அதை மூன்றால் பெருக்க 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எதுவும் கூட்ட வேண்டியதில்லை, எனவே காவல் இலக்கம் 0. ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, சரியாக வந்தால் மட்டுமே ஒலி எழுப்புகிறது. சீட்டின் ஓரத்தில் அண்ணாச்சி போட்ட கூட்டலைச் சரிபார்க்க வாடிக்கையாளர் இருந்தார். இங்கே எண்ணைச் சரிபார்க்க எண்ணே இருக்கிறது.

இந்த எண்ணுக்குள் விலை இல்லை. பொருள் எது என்பது மட்டுமே உண்டு. விலை கடையின் கணினியில் தனியாக இருக்கும், அதை மாற்றுபவர் கடைக்காரர்.

890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்த எண்ணை வழங்கிய அமைப்பு இந்தியாவைச் சேர்ந்தது என்பதே அதன் பொருள். சரக்கு வேறு நாட்டில் செய்ததாகவும் இருக்கலாம். நூல்களுக்கு 978 என்ற தொடக்கம் உண்டு. 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் பழைய பதிப்புகளில் விலை மட்டும் இருக்கும். 2007 முதல் உலகெங்கும் நூல் எண் 13 இலக்கமானதால், இன்றைய தமிழ் நூல்களின் பின்னட்டை மளிகைப் பொருளின் உறையோடு ஒரே முறையில் படிக்கத்தக்கதாகிவிட்டது.

இந்தியாவில் விலை அச்சும் பார்கோடும்

இந்தியச் சில்லறை விலையின் வரலாற்றில் திருப்புமுனை 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகள். நிகர எடை, தயாரித்த மாதம், தயாரித்தவர் முகவரி, விலை ஆகியவற்றை உறையில் அச்சிட வேண்டும் என்று அவை விதித்தன. தொடக்கத்தில் ‘உள்ளூர் வரி தனி’ என்ற வரியையும் விலையோடு சேர்த்து அச்சிட இடம் இருந்தது. அந்த வரி எவ்வளவு என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. கடைக்காரர் சொன்னதே கணக்கு. 1990இல் விதிகள் திருத்தப்பட்டு, எல்லா வரிகளையும் உள்ளடக்கிய அதிகபட்சச் சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., கட்டாயமானது. ஐந்து ரூபாய் என்று அச்சிட்ட சோப்பை ஐந்து ரூபாய்க்குமேல் விற்கக் கூடாது என்ற தெளிவு அப்போதுதான் கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனும் கடைக்காரரைக் கேள்வி கேட்கலாம் என்றானது. கல்லாவில் வாங்குகிறவருக்குப் பெரும் வலுவைத் தந்த சட்டவரி இது.

எம்.ஆர்.பி.யை நிர்ணயிப்பது அரசு என்பது பலரின் நினைப்பு. விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து போன்ற சிலவற்றைத் தவிர, மற்றவற்றுக்கு அதை நிர்ணயிப்பவர் தயாரிப்பாளரே. இதனால் விலையை முன்கூட்டியே ஏற்றி அச்சிட்டுத் தள்ளுபடி காட்ட வழி ஏற்படுகிறது என்று சிலர் கூறுவர். சிற்றூர் வாடிக்கையாளருக்கு இதைவிட்டால் வேறு பாதுகாப்பில்லை என்று மற்றவர் கூறுவர். இந்த விவாதம் முடியவில்லை.

1996இல் மத்திய வணிக அமைச்சகமும் தொழில் வணிகச் சங்கங்களும் சேர்ந்து இ.ஏ.என். இந்தியா என்ற அமைப்பை ஏற்படுத்தின; இன்று அது ஜி.எஸ்.1 இந்தியா. 890 என்று தொடங்கும் எண்களை வழங்குவது இதுவே. அதே ஆண்டு சென்னையில் ஆர்.பி.ஜி. குழுமத்தின் ஃபுட்வேர்ல்டு கடை திறந்தது. சங்கிலிக் கடைகள் அங்கிருந்து பெருகின. மாவட்டத் தலைநகரங்களுக்கு ஸ்கேனர் வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. சில்லறை விற்பனைக்குப் பார்கோடு சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் அது இல்லாத பொருளைப் பெரிய கடைகள் ரேக்கில் ஏற்றுவதில்லை. மகளிர் குழுக்கள் செய்யும் ஊறுகாயும் பொடி வகைகளும் நகரக் கடைக்குள் நுழைய முதலில் இந்த எண்ணைத்தான் பெற வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தபின் கணினி பில் பரவியது. உறைமேல் விலை அச்சிடும் விதிகளுக்கு இப்போது அடிப்படையான 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் ஒரே பொருளின் உறையில் இரு விலைகள் தோன்றின. பழைய அச்சு விலையை மறைக்காமல் புதிய விலை ஸ்டிக்கரை அதன் பக்கத்தில் ஒட்ட அரசு அனுமதித்தது. அதற்கான கெடு இரு முறை நீண்டு 2018 மார்ச் வரை போனது. திரையரங்குக்கு ஒரு விலை, தெருக்கடைக்கு ஒரு விலை என்று ஒரே பொருளுக்கு இரு எம்.ஆர்.பி. அச்சிடுவது 2018 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஓட்டல்களிலும் உணவகங்களிலும் தண்ணீர்ப் புட்டிக்கு எம்.ஆர்.பி.க்குமேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே விற்கப்படுவது பொருள் மட்டுமன்று, சேவையும் சேர்ந்தது என்பது காரணம். பேருந்து நிலையக் கடைகளில் ‘கூலிங் சார்ஜ்’ என்று கேட்பதற்கு இத்தீர்ப்பு இடம் தரவில்லை.

அரிசிக்கு நேர்ந்தது தனிக்கதை. 2022 ஜூலை 18 முதல் உறையிட்டுப் பெயரிட்ட அரிசிக்கும் பருப்புக்கும் 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு வரி இல்லை. சில வாரங்களில் தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. வரியின் எல்லைக்கோடு மூட்டையின் அளவையே மாற்றியதற்கு இது நல்ல சான்று.

கல்லாவில் ஒரே எண், இரண்டு விலை

சிறிய கடைகளில் உள்ள கையடக்க ஸ்கேனர் கணினிக்குத் தட்டச்சுப் பலகையைப் போலவே வேலை செய்யும். பதின்மூன்று இலக்கங்களைத் தட்டி, இறுதியில் ‘என்டர்’ அழுத்துவது மட்டுமே அதன் பணி. மற்றவை பில்லிங் மென்பொருளைச் சேர்ந்தவை. சென்னையின் கோஃப்ருகல், தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு பாயும் தென்காசிப் பகுதியில் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்துள்ள ஜோஹோ ஆகிய தமிழ்நாட்டு நிறுவனங்களும் இத்தகைய மென்பொருள்களைத் தருகின்றன.

எம்.ஆர்.பி. நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே எழுகிறது. ஒரு பற்பசையின் விலையை நிறுவனம் 95 ரூபாயிலிருந்து 99 ஆக உயர்த்துகிறது என்று கொள்வோம். பார்கோடு எண் மாறுவதில்லை. ரேக்கில் பழைய சரக்கும் புதிய சரக்கும் கலந்திருக்கும். ஸ்கேன் செய்தவுடன் திரையில் சிறு கட்டம் திறந்து 95, 99 என்று இரு வரிகளைக் காட்டும். கல்லாவில் இருக்கும் பெண் பெட்டியைத் திருப்பி, மடிப்பில் மங்கலாகக் குத்திய அச்சைத் தேடிப் படித்து, உரிய வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசை நீளும் மாலை நேரத்தில் மேல்வரியையே அழுத்திவிடுவதும் உண்டு. பழைய பெட்டிக்குப் புதிய விலை விழுவது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்கேனர் தவறாகப் படித்திருக்காது. அதனிடம் கேட்கப்பட்டது விலை அல்ல.

விலை மாறாமல் எடை குறைவது இன்னொரு வகை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற நிலையான விலையில் விற்கும் பிஸ்கட் பொட்டலங்களில் சில கிராம்கள் குறையும். நிகர எடை மாறினால் புதிய எண் பெற வேண்டும் என்பது ஜி.எஸ்.1 அமைப்பின் விதி. வாங்குகிறவர் கண்ணில் படுவதோ விலை மட்டுமே. ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற பிற்காலத் திருத்தம் இக்குறையைத் தீர்க்க வந்தது.

எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்பதற்குத் தடை இல்லை. பெரிய கடையின் கணினி இதை எளிதாகச் செய்கிறது: ஒரே இரவில் நூறு பொருள்களின் விலையை இரண்டு ரூபாய் இறக்கலாம், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அமைக்கலாம், எது விலைபோகிறது என்பதை நாள்தோறும் பார்த்துச் சரக்கு போடலாம். சரம் சரமாக ஷாம்பு பாக்கெட் தொங்கும் தெருக்கடைக்கு இந்த வசதி இல்லை. கடன் தருவது, அரைக் கொத்து மல்லி கேட்டாலும் எடுத்துத் தருவது, இரவு பத்து மணிக்கும் கதவைத் திறப்பது ஆகியவை அதன் பலம்.

கல்லாப் பணியாளருக்குக் கூட்டல் தெரிய வேண்டிய அவசியம் குறைந்தது, நின்றுகொண்டே வேலை பார்க்கும் நேரம் குறையவில்லை. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தச் சட்டத்தைத் தமிழகச் சட்டப்பேரவை 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து நகரக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களின் நிலையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் 2010இலேயே பேசியிருந்தது.

ஜவுளிக் கடைகள்

1924இல் ஆரெம்கேவி ஜவுளிக் கடை தொடங்கியது முதல் திருநெல்வேலி தென் மாவட்டங்களின் ஜவுளிச் சந்தையாக விளங்குகிறது. இங்குள்ள பெரிய ஜவுளிக் கடைகளில் பொதுவாகத் துணி எடுத்த இடத்தில் பில், வேறொரு கவுண்டரில் பணம், வாசலருகே டெலிவரி என மூன்று படிகள். சேலையில் தொங்கும் சீட்டின் பார்கோடு இம்மூன்றையும் இணைக்கிறது. மளிகைப் பொருளைப்போல அன்றி, பல கடைகளில் ஒவ்வொரு சேலைக்கும் தனித்தனி எண் உண்டு. எந்தத் தறிக்காரரிடமிருந்து எப்போது வந்தது என்பதைக் கடை அதன்வழி அறியும்.

பார்கோடு எட்டாத சரக்கு

நயினார்குளம் மொத்தச் சந்தையிலும் டவுன் போஸ் மார்க்கெட்டிலும் பாளையங்கோட்டை காந்தி மார்க்கெட்டிலும் காய்கறி இன்றும் தராசிலும் வாய்மொழியிலுமே விலையாகிறது. ஆற்றங்கரை வாழை தார்க்கணக்கில் ஏலம் போகும். புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை கவுளிக்கணக்கில் போகும். செவ்வாய்தோறும் கூடும் மேலப்பாளையம் கால்நடைச் சந்தையில் விலை எங்கும் எழுதப்படுவதில்லை. தென் மாவட்ட மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேரம் முடிப்பது பழைய வழக்கம். விலை இருவருக்கு மட்டும் தெரியும்.

அல்வா இரண்டு உலகிலும் இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் எதிரே மாலையில் திறக்கும் இருட்டுக்கடையில் அது எடைபோட்டு விற்கும் பண்டம். சூடு ஆறாத அல்வாவுக்கு உறை இல்லை, எண்ணும் இல்லை. பெட்டியிலடைத்து வெளியூர் போகும் அல்வாவுக்கோ எடை, நாள், எம்.ஆர்.பி., உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் அச்சிட வேண்டும்.

இடைப்பட்ட வகை ஒன்றும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் கத்தரிக்காயை எடைபோடும் தராசு தானே ஒரு பார்கோடு ஸ்டிக்கரை அச்சிடுகிறது. அது 2 என்ற இலக்கத்தில் தொடங்கும். கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும். நடுவில் உள்ள இலக்கங்களில் பொருளின் எண்ணும் எடையோ விலையோ அடங்கியிருக்கும். எடையைக் குறிக்கும் கடைகளில் 01250 என்றிருந்தால் ஒன்றேகால் கிலோ.

ரேஷன் கடை

2017 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் மின்னணுக் குடும்ப அட்டை வழங்கப்பட்டது. இங்கே ஸ்கேன் செய்யப்படுவது சரக்கு அன்று, குடும்பம். அட்டையில் உள்ள கியூ.ஆர். குறியைக் கருவி படித்ததும் அந்தக் குடும்பத்துக்குரிய அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயிலின் அளவு திரையில் வரும். பில் போட்டதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் அதுவே புகாருக்குச் சான்று. 2020இல் கைரேகைப் பதிவும் சேர்ந்தது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி விலையில்லை என்று விலை மாநிலமெங்கும் ஒன்றே என்பதால், இக்கடைகளில் கருவியின் வேலை விலையை அறிவதன்று, அளவைக் காப்பது. மின்னணுத் தராசையும் விற்பனைக் கருவியையும் இணைக்கும் முயற்சி அண்மையில் தொடங்கியது.

அண்மைக் காலம்

ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் உருவாக்கிய கியூ.ஆர். குறி, 2016க்குப் பின் யு.பி.ஐ. வழியாகப் பூக்கடைக்கும் இளநீர் வண்டிக்கும் வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் கடைக்காரர் பொருளை ஸ்கேன் செய்கிறார், தெருக்கடையில் வாடிக்கையாளர் கடையை ஸ்கேன் செய்கிறார். 2023 ஆகஸ்ட் முதல் முன்னணி மருந்துப் பெயர்கள் 300க்கு இத்தகைய குறி கட்டாயம். 2027க்குள் உலகெங்கும் கல்லாக்கள் இருபரிமாணக் குறியையும் படிக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.1 வைத்துள்ள இலக்கு. அதில் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் அடங்கும் என்பதால் பழைய சரக்கையும் புதிய சரக்கையும் பிரித்தறிய வழி பிறக்கலாம்.

2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை முதலியவற்றின் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பழைய சரக்கின்மீது மீண்டும் புதிய விலை ஸ்டிக்கர்கள் ஏறின.

நுகர்வோர் கவனத்துக்கு

ரேக்கில் எழுதிய விலை, உறையில் அச்சிட்ட விலை, பில்லில் விழுந்த விலை மூன்றையும் ஒப்பிடும் பழக்கமே இத்துறையில் வாங்குகிறவருக்கு உள்ள முதன்மையான பாதுகாப்பு. வெப்ப அச்சுத் தாளில் வரும் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், ஆகையால் முக்கியமான பில்லைப் படம் எடுத்து வைக்க வேண்டும், உறையையும் எறியாமல் வைக்க வேண்டும். எம்.ஆர்.பி.க்குமேல் வாங்கினால் தமிழ்நாட்டில் நடவடிக்கை எடுப்பது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; இழப்பீடு வேண்டுவோர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். இரண்டு ரூபாய்தானே என்று விடாமல் கல்லாவிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஒருவர் கேட்டுத் திருத்திய விலை, கணினியில் திருத்தப்படும்போது, அன்று அந்தப் பொருளை வாங்கும் அத்தனை பேருக்கும் சரியாகிறது.